வெளிநாட்டு மாற்றுத்திறனாளி இளைஞர்களோடு இணையத்தில் சேர்வது எப்படி?

டூஷேன் தசைச் சிதைவு நோய், பிறக்கும் ஆண் குழந்தைகளில் 3500 முதல் 5000 பேருக்கு ஒருவருக்கு வருகிறது. ஒரு தாலுகா முழுக்கத் தேடினாலும் அதே நோயுள்ள, அதே வயதுப் பையன்கள் ஓரிருவர்தான் அகப்படுவார்கள். அவர்களைப் பார்க்கப் போக வண்டி வேண்டும், தூக்கி உட்கார வைக்க ஆள் வேண்டும். பார்வையற்ற மாணவிக்குப் பள்ளி விடுதியில் தோழிகள் இருந்திருப்பார்கள். கல்லூரியில் கணினி அறிவியல் எடுத்தால் துறை முழுக்க அவர் ஒருவராகத்தான் இருப்பார். திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானை வைத்துக்கொண்டு நிரல் எழுதுவது எப்படி என்று அங்கே யாரிடம் கேட்பது?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர் பெரும்பாலும் போலந்திலோ, பிரேசிலிலோ, கென்யாவிலோ இருக்கிறார். அவரைப் போய்ச் சேர ஒரு ஸ்மார்ட்போனும் தட்டுத்தடுமாறியாவது எழுதக்கூடிய ஆங்கிலமும் போதும். பதினைந்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் இருக்கிற, இதுவரை இப்படி எந்தக் குழுவிலும் சேராத ஒருவரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

1. இரண்டு கதவுகள்

சேர்வதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இணையத்தில் இரண்டு வகை இடங்கள் உண்டு. ஒன்று, உடல்நிலையின் பெயரால் கூடுகிற இடம்: பார்வையற்றோர் குழு, மூளை முடக்குவாதக் குழு, ஆட்டிசக் குழு. இன்னொன்று, ஆர்வத்தின் பெயரால் கூடுகிற இடம்: சதுரங்கம், வீடியோ கேம், நிரலாக்கம், இசை, பின்னல் வேலை. முதல் கதவு தகவலுக்கு. இரண்டாம் கதவு நட்புக்கு. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் கதவில் நுழைந்து, நட்பு கிடைக்கவில்லையே என்று சலித்துப்போய்த் திரும்பிவிடுகிறார்கள். ஒரே நோய் இருக்கிற காரணத்தால் இரண்டு பேர் நண்பர்களாகிவிட மாட்டார்கள். நம் தெருவில் மட்டும் அப்படியா நடக்கிறது?

நார்வே நாட்டின் மாட்ஸ் ஸ்டீன் கதை இதற்கு நல்ல சான்று. டூஷேன் நோய் இருந்த அவர் 2014-ல், 25 வயதில் இறந்தார். கடைசி ஆண்டுகளில் பெரும்பகுதி நேரத்தை 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற விளையாட்டில் கழித்தார். பையன் தனிமையிலேயே வாழ்ந்து போய்விட்டான் என்றுதான் பெற்றோர் நினைத்திருந்தார்கள். அவருடைய வலைப்பதிவில் தந்தை மரணச் செய்தியைப் போட்டதும் பல நாடுகளிலிருந்து மின்னஞ்சல்கள் வந்து குவிந்தன. ஸ்டார்லைட் என்ற விளையாட்டுக் குழுவில் அவர் 'இபெலின்' என்ற பெயரில் எத்தனையோ பேருக்கு நெருங்கிய தோழனாக இருந்திருக்கிறார். அவர்களில் சிலர் விமானம் ஏறி இறுதிச் சடங்குக்கே வந்தார்கள். கவனிக்க வேண்டியது என்னவென்றால், பல ஆண்டுகள் அவர் தன் நோயைப் பற்றி அந்தக் குழுவில் சொல்லவே இல்லை. அவர்களைச் சேர்த்தது விளையாட்டு.

ஆகவே என் யோசனை: ஒவ்வொரு கதவிலும் ஒரே ஓர் இடம். மொத்தம் இரண்டு. பத்து இடங்களில் சேர்ந்தால் அறிவிப்புச் சத்தம்தான் மிஞ்சும்.

2. எங்கே போவது?

பார்வையற்றவர்களுக்கு வசதியான தொடக்கம் என்விடிஏ பயனர் குழுக்கள். இந்த இலவசத் திரைவாசிப்பானை 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் எழுதத் தொடங்கினார். ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவரும் பார்வையற்றவர்கள். சிறு வயதில் பார்வையற்ற குழந்தைகளுக்கான ஓர் இசை முகாமில் பழக்கமானவர்கள். இன்று தமிழ் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் என்விடிஏ இருப்பதற்குக் காரணம் பல நாட்டுத் தன்னார்வலர்கள். இதன் மின்னஞ்சல் குழுக்களில் சந்தேகம் கேட்கலாம், பிழைகளைத் தெரிவிக்கலாம், மொழிபெயர்ப்பில் கைகொடுக்கலாம். ஐபோன் வைத்திருந்தால் ஆப்பிள்விஸ் தளம். செயலி ஒவ்வொன்றும் ஐபோனின் திரைவாசிப்பானான வாய்ஸ்ஓவரோடு எவ்வளவு தூரம் ஒத்துழைக்கிறது என்று பார்வையற்றவர்களே எழுதி வைத்திருப்பார்கள். தலைப்பு வாரியாகப் பேசும் ரெடிட் தளத்தில் பார்வையற்றோருக்கான பிரிவு சுறுசுறுப்பானது. ட்விட்டர் போன்ற சமூக வலைத்தளமான மாஸ்டடானில் 'டிராகன்ஸ்கேவ்' என்ற வழங்கியை (சர்வரை) நடத்துவதே பார்வையற்றவர்கள்தான்.

சதுரங்கம் ஆடுபவரா? லிசெஸ் என்ற தளம் முற்றிலும் இலவசம், விளம்பரமும் கிடையாது. திரைவாசிப்பானோடு தளத்தைத் திறந்தால் பார்வையற்றோருக்கான முறைக்கு மாறும் பொத்தான் தொடக்கத்திலேயே வரும். காய் நகர்த்தலைத் தட்டச்சு செய்தே ஆடலாம். எதிரில் இருப்பவருக்கு நீங்கள் யார் என்பதே தெரியாது. அதிலும் ஒரு சுகம் இருக்கிறது.

காது கேளாதவர்களுக்கு நிலைமை கொஞ்சம் வேறு. எழுத்தில் பேசும் குழுக்கள் இருக்கின்றன. ஆனால் அவர்கள் உலகம் சைகைமொழியில்தான் நடக்கிறது. உலகக் காது கேளாதோர் கூட்டமைப்பின் இளைஞர் பிரிவு 1995-லிருந்து இயங்குகிறது. அதன் காணொளிகளைப் பார்த்துத் தொடங்கலாம். அமெரிக்கச் சைகைமொழியில் ஆங்கில எழுத்துகளை ஒரு கையால் காட்டுவார்கள். இந்தியச் சைகைமொழியில் இரண்டு கை, பிரிட்டனைப் போல. எனவே முதல் நாள் ஒன்றும் புரியாமல் போனால் உங்கள் திறமையில் குறை இல்லை. பல நாட்டவர் கூடும் இடங்களில் 'சர்வதேசச் சைகை' என்ற பொது முறை புழங்கும். அதைப் பார்த்துப் பார்த்தே பலர் பிடித்துக்கொள்கிறார்கள். மொழி வேறான இரண்டு காது கேளாதவர்கள் பத்து நிமிடத்தில் பேச்சைக் கண்டுபிடித்துவிடுவதைப் பார்த்தால், கேட்கும் திறன் உள்ள நமக்குப் பொறாமையாகத்தான் இருக்கும்.

ஆட்டிசத்தில் இருப்பவர்கள் இந்த விஷயத்தில் முன்னோடிகள். 1990-களிலேயே மின்னஞ்சல் பட்டியல்கள் வழியே நாடு கடந்து கூடியவர்கள் அவர்கள். 2004-ல் டேன் குரோவரும் அலெக்ஸ் பிளாங்கும் 'ராங் பிளானெட்' தளத்தைத் தொடங்கியபோது இருவருக்கும் பள்ளிக்கூட வயது.

உடல் இயக்கக் குறைபாடு உள்ளவர்கள் ரெடிட்டில் அவரவர் நிலையின் பெயரைத் தேடினால் போதும். கேம் பிரியர்கள் அமெரிக்காவின் ஏபிள்கேமர்ஸ் அமைப்பைப் பார்க்கலாம். 2004-லிருந்து இயங்குகிறது. ஒரு விரல்தான் அசையும், தலையைத்தான் திருப்ப முடியும் என்பவர்கள்கூட விளையாடும் வழிகள் அங்கே பேசப்படுகின்றன. மைக்ரோசாஃப்ட் 2018-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் என்ற, மாற்றுத்திறனாளிகளுக்கான விளையாட்டுக் கருவி இந்த மாதிரி அமைப்புகளோடு கலந்து பேசி உருவாக்கப்பட்டதுதான்.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கோ இணையம் தவிர வேறு வழியே கிடையாது. ஒருவர் நுரையீரலில் இருக்கும் கிருமி இன்னொருவருக்குப் பரவினால் ஆபத்து என்பதால், நேரில் ஆறடி விலகி நிற்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். அவர்களுக்காக நடந்துவந்த கோடை முகாம்கள் 1990-களில் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அதனாலோ என்னவோ, அவர்களுடைய இணையக் குழுக்களில் இருக்கும் நெருக்கத்தை வேறெங்கும் காண்பது கடினம்.

அறிவுசார் குறைபாடு உள்ள இளைஞர்களுக்கு எழுத்து நிறைந்த குழுக்கள் ஒத்துவராது. குரல் செய்தி, படம், சிறு காணொளி என்று போகும் சிறிய குழுக்களைத் தேடுங்கள். துணைக்கு அக்காவோ அம்மாவோ உட்காரலாம். ஆனால் அவர்கள் கருத்தை இவர் பெயரில் தட்டச்சு செய்யக் கூடாது. இது அடிக்கடி நடக்கிறது. எதிர்முனையில் இருப்பவர்கள் எளிதில் கண்டுபிடித்தும் விடுகிறார்கள்.

3. கணக்குத் தொடங்குவது

ரெடிட், குழுவாகப் பேச உதவும் டிஸ்கார்ட் செயலி இரண்டுமே 13 வயது நிரம்பியவர்களுக்குத்தான். வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர வேண்டாம். வயது வந்தோருக்கான பகுதிகள் திறந்துவிடும். பிரச்சினை வந்தால் புகார் சொல்வதும் சிக்கலாகிவிடும்.

உங்கள் முழுப்பெயர், ஊர், பிறந்த ஆண்டு மூன்றும் சேர்ந்து வராத ஒரு புனைபெயர் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கென்று தனி மின்னஞ்சல், இரண்டடுக்குப் பாதுகாப்பு (கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்பது). படம் கட்டாயமில்லை. பூவோ பூனையோ போதும்.

தட்டச்சு மெதுவா? தமிழிலோ ஆங்கிலத்திலோ சொல்லிச் சொல்லி எழுத வைக்கும் குரல் வசதி ஆண்ட்ராய்டு விசைப்பலகையிலேயே இருக்கிறது. பேச்சு தெளிவில்லாதவர்களுக்கு அது சரியாக வராது. அவர்கள் அடிக்கடி சொல்லும் வாக்கியங்களைச் சுருக்கெழுத்தாகச் சேமித்து வைக்கலாம். மூன்று எழுத்தைத் தட்டினால் முழு வாக்கியமும் வந்துவிடும். காது கேளாதவர்கள் நேரலைக் கூட்டங்களில் கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலியை இன்னொரு போனில் திறந்து வைத்துக்கொள்ளலாம்.

ஆங்கிலம் பற்றி ஒரு சொல். அங்கே இருப்பவர்களில் பலருக்கும் ஆங்கிலம் இரண்டாவது, மூன்றாவது மொழி. இலக்கணப் பிழையை யாரும் கணக்கெடுப்பதில்லை. செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கொடுத்துப் பிழை திருத்திக்கொள்ளுங்கள், சரி. முழுச் செய்தியையும் அதையே எழுதவிடாதீர்கள். விண்ணப்பக் கடிதம் மாதிரி வரும், யாரும் பதில் போட மாட்டார்கள்.

4. முதல் வாரம்: வாயை மூடிக்கொண்டு வாசியுங்கள்

உள்ளே போனதும் விதிமுறைகளை முதலில் படியுங்கள். அப்புறம் ஒரு வாரம் சும்மா வாசியுங்கள். யார் பொறுப்பாகப் பதில் சொல்கிறார், யார் வம்புக்கு அலைகிறார், நிர்வாகிகள் எவ்வளவு விரைவில் தலையிடுகிறார்கள் என்பதெல்லாம் பிடிபட்டுவிடும். கேட்க நினைத்த கேள்வியைத் தேடல் பெட்டியில் போட்டுப் பாருங்கள். பாதிக் கேள்விகளுக்குப் பதில் ஏற்கனவே இருக்கும்.

சில குழூஉக்குறிகள் உங்களைக் குழப்பலாம். 'இன்றைக்கு என்னிடம் ஸ்பூன் இல்லை' என்று யாராவது எழுதினால் சமையலறை நினைவுக்கு வர வேண்டாம். நாள்பட்ட நோயுள்ளவருக்கு ஒரு நாளைக்குக் கிடைக்கும் ஆற்றலைக் கரண்டிகளாக எண்ணிச் சொன்னார் கிறிஸ்டின் மிசரண்டினோ என்ற அமெரிக்கர், 2003-ல். களைத்துவிட்டேன், இனிப் பேச முடியாது என்று பொருள். 'பிப்' என்றால் பிரிட்டனில் மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகை. 'என்டிஐஎஸ்' ஆஸ்திரேலியாவின் காப்பீட்டுத் திட்டம். அமெரிக்கர் 'அசெட்டமினோஃபென்' என்று சொல்வது நம் பாராசிட்டமால். அவர்களுடைய 'ஆல்ப்யூட்டரால்' நம் சால்ப்யூட்டமால்.

மருந்து என்றதும் ஞாபகம் வருகிறது: குழுவில் யாரோ சொன்னார் என்று அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் கூடவே கூடாது. அவர்கள் சொன்னதைக் குறித்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அதற்குத்தான் அந்தத் தகவல்.

வாசிக்க வாசிக்க இன்னொன்றும் புரியும். வெளிநாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கு எல்லாம் கிடைத்துவிடுகிறது என்ற எண்ணம் நமக்கு உண்டு. அமெரிக்காவில் எஸ்எஸ்ஐ என்ற உதவித்தொகை வாங்குபவர் தனி ஆளாக 2000 டாலருக்கு மேல் சேமித்து வைக்க முடியாது. தம்பதி என்றால் 3000. உதவித்தொகை வாங்கும் இருவர் திருமணம் செய்துகொண்டால், தனித்தனியாக வாங்கியதைவிடத் தொகையும் குறைந்துபோகும். அதனாலேயே கல்யாணத்தைத் தள்ளிப்போடும் ஜோடிகள் உண்டு. இதைக் கேட்டபின் அவர்களோடு சமமாக உட்கார்ந்து பேச வரும்.

5. முதல் செய்தி

'ஹாய் பிரண்ட்ஸ், நான் புதுசு' என்று மட்டும் போட்டால் நாலு வணக்கம் வரும், அத்தோடு முடிந்துவிடும். பதில் சொல்லத் தோதான ஏதாவது ஒன்றைச் செய்தியில் வையுங்கள். நீங்கள் யார் என்று இரண்டு வரி, கேள்வி ஒன்று, உங்களால் என்ன தர முடியும் என்று ஒரு வரி. இப்படி:

"வணக்கம். நான் தென்னிந்தியாவில் இருக்கிறேன், கல்லூரி முதலாம் ஆண்டு. மூளை முடக்குவாதம், இடது கையால் மட்டும் எழுதுவேன். வேதியியல் செய்முறைத் தேர்வில் குழாயைப் பிடித்து ஊற்ற முடிவதில்லை. உங்கள் நாட்டில் இதை எப்படிச் சமாளித்தீர்கள்? தேர்வில் சொல்வதை எழுதுபவரைப் பெறுவது பற்றி இந்திய விதிகள் எனக்குத் தெரியும். யாருக்காவது தேவைப்பட்டால் கேளுங்கள்."

இதற்குக் கட்டாயம் பதில் வரும். கேள்வி குறிப்பாக இருக்கிறது. பதில் சொல்பவருக்குத் தன் அனுபவத்தைச் சொல்ல இடம் கிடைக்கிறது. இதையே 'எனக்குப் படிப்பு கஷ்டமாக இருக்கிறது, என்ன செய்வது' என்று எழுதிப் பாருங்கள். ஆறுதல்தான் வரும்.

உடல்நிலையைப் பற்றி எவ்வளவு சொல்வது என்பது முழுக்க உங்கள் முடிவு. கேள்விக்குத் தேவையான அளவு போதும். மருத்துவ அறிக்கையைப் படமெடுத்துப் போட வேண்டிய அவசியம் எப்போதும் வராது.

உங்களிடம் கொடுக்க ஒன்றும் இல்லை என்று மட்டும் நினைக்காதீர்கள். 1960-களின் கடைசியில் ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் மருத்துவர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய ஜெய்ப்பூர் கால், தரையில் குந்தி உட்காரவும் வெறுங்காலோடு வயலில் நடக்கவும் தோதானது. ஐரோப்பாவில் இருக்கும் ஒருவருக்கு இது புதுச் செய்தியாக இருக்கும். பழுதான சக்கர நாற்காலியைச் சைக்கிள் கடையில் கொடுத்துச் சரிசெய்த கதையும் அப்படித்தான்.

6. பழகும் முறை

படம் போட்டால் அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி விளக்கம் சேர்க்க வேண்டும். மாஸ்டடானில் விளக்கம் இல்லாத படத்தைப் பலர் பகிரவே மாட்டார்கள். நீளமாக வேண்டியதில்லை: 'மொட்டைமாடியில் காயும் வடாம், பக்கத்தில் காவலுக்குப் பாட்டி' என்றால் போதும். ஆங்கில ஹேஷ்டேகில் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் பெரிய எழுத்தாகப் போட்டால்தான் திரைவாசிப்பான் பிரித்துப் படிக்கும். ஒரே எமோஜியை இருபது தடவை போட்டால் அது இருபது தடவையும் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கும், பாவம் கேட்பவர். காணொளிக்கு வசன வரிகள் வேண்டும். வேகமாக மின்னும் படங்கள் வேண்டாம், வலிப்பு உள்ளவர்கள் இருப்பார்கள்.

இதையெல்லாம் பழக்கப்பட்டவர்களும் தவறவிடுவது உண்டு. மாற்றுத்திறனாளிகளின் பெருமிதக் கொடியை 2019-ல் வடிவமைத்தவர் ஆன் மகில். அவரே மூளை முடக்குவாதம் உள்ளவர். கறுப்புப் பின்னணியில் மின்னல் வெட்டுப் போல ஐந்து வண்ணக் கோடுகள். திரையில் அதை மேலும் கீழும் நகர்த்தும்போது மின்னுவது போலத் தெரிந்து ஒற்றைத் தலைவலியும் குமட்டலும் வருகிறது, வலிப்புக்கும் வழியாகலாம் என்று பலர் எழுதினார்கள். 2021-ல் வளைவுகளை எடுத்துவிட்டு, நேர்க்கோடுகளும் மங்கிய நிறங்களுமாகக் கொடியையே மாற்றினார். யாராவது உங்கள் பதிவில் குறை சொன்னால் செய்ய வேண்டியது இதுதான்: நன்றி சொல்லித் திருத்துவது.

'நீங்கள் எனக்குப் பெரிய உத்வேகம்' என்று எழுதாதீர்கள். நமக்கு அது மரியாதை. அங்கே பலருக்கு எரிச்சல். நாற்காலியில் உட்கார்ந்து கல்லூரிக்குப் போனதற்கெல்லாம் கைதட்டாதீர்கள் என்று 2014-ல் மேடையேறிச் சொன்னவர் ஆஸ்திரேலிய நகைச்சுவையாளர் ஸ்டெல்லா யங். அவரும் சக்கர நாற்காலியில் இருந்தவர்தான். ஒருவர் செய்ததைப் பாராட்ட வேண்டுமானால் குறிப்பிட்டு அந்தச் செயலைப் பாராட்டுங்கள்.

ஒருவர் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறாரோ அதையே நீங்களும் சொல்லுங்கள். பிரிட்டனில் ஒரு மாதிரி, அமெரிக்காவில் ஒரு மாதிரி, ஆட்டிசக் குழுக்களில் இன்னொரு மாதிரி. அதில் தர்க்கம் செய்து யாரும் ஜெயித்ததாகத் தெரியவில்லை.

சட்டம் பற்றிப் பேச்சு வந்தால் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை நல்ல பொது அளவுகோல். 2006 டிசம்பரில் ஏற்கப்பட்டது; இந்தியா 2007-லும் இலங்கை 2016-லும் ஏற்புறுதி செய்தன. கல்விக்கு 24-ஆம் பிரிவு, அணுகல் வசதிக்கு 9-ஆம் பிரிவு. இந்த எண்களைச் சொன்னால் கானா நாட்டுக்காரருக்கும் உங்களுக்கும் ஒரே பக்கம் திறந்துவிடும்.

7. நேரக் கணக்கு

இணையவழிக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது மணி. நியூயார்க்கில் கோடைக்காலச் சனிக்கிழமை மாலை 7 என்றால் நமக்கு ஞாயிறு விடியற்காலை 4.30. குளிர்காலத்தில் அது 5.30 ஆகிவிடும். அவர்கள் கடிகாரத்தை ஆண்டுக்கு இருமுறை மாற்றுகிறார்கள், நாம் மாற்றுவதில்லை. அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஒரே வாரத்தில் மாற்றுவதும் இல்லை. மார்ச்சில் சில வாரங்கள், அக்டோபர் கடைசியில் ஒரு வாரம் எல்லாருக்கும் குழப்பம்தான்.

நேரம் குறிக்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால் உலகப் பொது நேரம் (யுடிசி) 14 மணியைச் சொல்லுங்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் இரவு 7.30, நைரோபியில் மாலை 5, சிங்கப்பூரில் இரவு 10, நியூயார்க்கில் காலை 9 அல்லது 10. இந்த ஊர்களில் யாருக்கும் தூக்கம் கெடாது. டிஸ்கார்டில் நேரத்தைக் குறியீடாகப் போட்டால் பார்ப்பவர் ஒவ்வொருவருக்கும் அவரவர் நாட்டு நேரமாகவே காட்டும்.

கூட்டத்துக்கு முன்பே தேவையைச் சொல்லிவிடுங்கள்: வசன வரிகள் வேண்டும், பேச்சு மெதுவாக வரும், கேமரா போட மாட்டேன், நடுவில் படுக்க வேண்டியிருக்கும். இந்தக் குழுக்களில் அது சாதாரணம், யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். சைகைமொழியில் பேசுபவர்கள் வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்காருங்கள், ஒரே நிறச் சட்டை போடுங்கள். டேட்டா குறைவாக இருந்தால் பேசுபவர் ஒருவரின் காணொளியை மட்டும் பெரிதாக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

8. ஆபத்துகள்

இதைக் கொஞ்சம் வெளிப்படையாகவே சொல்கிறேன், ஏனென்றால் வீட்டில் யாரும் சொல்லப்போவதில்லை. உடல் குறைபாட்டின் மீதே பாலியல் நாட்டம் கொண்டவர்கள் இணையத்தில் இருக்கிறார்கள். 'டெவோட்டி' என்று அந்த வட்டாரங்களில் அழைப்பார்கள். இளம் பெண்களைத்தான் அதிகம் குறிவைப்பார்கள், பையன்களையும் விடுவதில்லை. முதலில் அக்கறையாகப் பேசுவார்கள். பிறகு கேள்விகள் ஒரே திசையில் போகும்: கால் உறை எப்படிப் போடுவாய், நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு எப்படி மாறுவாய், ஒரு வீடியோ அனுப்பு. சிலர் தாமும் மாற்றுத்திறனாளி என்றே சொல்லிக்கொள்வார்கள். உங்கள் படிப்பைப் பற்றியும் விருப்பங்களைப் பற்றியும் ஒரு கேள்வியும் கேட்காத ஒருவர் உங்கள் உடலைப் பற்றிப் பத்துக் கேள்வி கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். உரையாடலைத் திரைப்பிடிப்பு எடுத்து நிர்வாகிக்கு அனுப்பிவிட்டு, அப்புறம் தடை செய்யுங்கள். தடை செய்தபின் எடுக்கலாம் என்றிருந்தால் சில செயலிகளில் செய்திகள் மறைந்துபோகும்.

அடுத்தது பணம். இலவச சக்கர நாற்காலி அனுப்பியிருக்கிறோம், சுங்கவரி மட்டும் கட்டுங்கள் என்று வரும் செய்தி மோசடி. வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகைக்கு முன்பணம் கேட்பதும் மோசடி. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, ஆதார், மருத்துவச் சான்று எதையும் தனிச்செய்தியில் அனுப்பாதீர்கள். பணம் போய்விட்டால் இந்தியாவில் உடனே 1930-ஐ அழையுங்கள். சீக்கிரம் அழைத்தால் பணத்தை வங்கியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இந்தியாவில் 1098, இலங்கையில் 1929.

இன்னொரு விஷயம் ஆபத்து என்று சொல்ல முடியாது, ஆனாலும் தயாராக இருக்க வேண்டும். தசைச் சிதைவு, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் போன்ற குழுக்களில் நண்பர்கள் இறந்துபோவார்கள். நேற்று வரை பேசியவரின் பெயரில் பச்சைப் புள்ளி எரியாமல் இருக்கும். செய்தி வர நாளாகும். நல்ல குழுக்களில் இதற்கென்று தனி அறை இருக்கும். தாங்க முடியாதபோது சில வாரம் விலகியிருப்பது தவறே இல்லை. ஒரு வரி சொல்லிவிட்டுப் போங்கள், அவ்வளவுதான். இல்லையென்றால் உங்களுக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று பயப்படுவார்கள்.

9. தளம் மூடினால்?

2010-லிருந்து நடந்துவந்த ஆப்பிள்விஸ், 2024-ல் தளத்தை மூடப்போவதாக அறிவித்தது. பிறகு பார்வையற்றோருக்குக் காணொளி அழைப்பில் உதவும் செயலியை நடத்தும் 'பி மை ஐஸ்' நிறுவனம் எடுத்துக்கொண்டதால் தப்பியது. 2023 ஜனவரியில் ட்விட்டர் வெளிச் செயலிகளை (பிறர் உருவாக்கிய செயலிகளை) நிறுத்தியபோது, அவற்றை நம்பியிருந்த பார்வையற்றவர்கள் கூட்டம் கூட்டமாக மாஸ்டடானுக்குக் குடிபெயர்ந்தார்கள். அதே ஆண்டு ரெடிட்டும் வெளிச் செயலிகளுக்குக் கட்டணம் விதிக்க, பார்வையற்றோர் பிரிவு போராட்டத்தில் இறங்கியது. எனவே நெருக்கமான நாலைந்து பேருடைய மின்னஞ்சல் முகவரியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பயனுள்ள பதில்களை உங்கள் கணினியில் சேமியுங்கள்.

10. இணையத்திலிருந்து நேருக்கு

ஓரளவு பழகியபின் சில வாசல்கள் திறக்கும். ஜப்பானின் டஸ்கின் தலைமைத்துவப் பயிற்சி 1999-ல் தொடங்கியது. ஆசிய, பசிபிக் நாடுகளின் மாற்றுத்திறனாளி இளைஞர்களை வரவழைத்து, சுமார் பத்து மாதம் தங்கவைத்து, ஜப்பானிய மொழியும் அமைப்பு நடத்தும் முறையும் கற்பிக்கிறார்கள். டென்மார்க்கின் ஃப்ரன்ட்ரன்னர்ஸ் காது கேளாத இளைஞர்களுக்கானது. வகுப்பே சர்வதேசச் சைகையில்தான் நடக்கும். தென்கொரியா முன்னின்று நடத்தும் உலகத் தகவல் தொழில்நுட்பப் போட்டி 2011-லிருந்து நாடு நாடாகச் சுற்றுகிறது. 2018-ல் புதுடெல்லியில் நடந்தது. பார்வை, செவி, உடல் இயக்கம், வளர்ச்சிசார் குறைபாடு என்று நான்கு பிரிவினரும் கலந்துகொள்ளலாம். இந்தியா தேசிய அளவில் தேர்வு வைத்து அணியை அனுப்புகிறது.

வயது வரம்பும் கடைசித் தேதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறும், அந்தந்த அமைப்பின் தளத்தில் பாருங்கள். ஆனால் விண்ணப்பத்தில் என்ன எழுதினால் எடுபடும், விடுதியில் கழிவறை எப்படி, உதவியாளரைக் கூட்டிப்போகலாமா என்பதெல்லாம் தளத்தில் இருக்காது. போய்வந்தவர் யாராவது உங்கள் குழுவில் இருப்பார், அவரைக் கேளுங்கள்.

பாஸ்போர்ட்டை இப்போதே எடுத்து வையுங்கள். அழைப்பு வந்தபின் ஓடினால் நேரம் போதாது. கையெழுத்துப் போட முடியாதவர்கள் பெருவிரல் ரேகை வைக்கலாம். ஆதாரிலும் மாற்றுத்திறனாளி அட்டையிலும் பெயரின் எழுத்துக்கூட்டல் ஒன்றாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் அதைத் திருத்துவதுதான் முதல் வேலை.